வெடிக்காத மாதுளை: காங்கயம் வீட்டு மரம் ஒன்றைச் சீர்செய்த பதிவு

காங்கயத்தில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்பக்கம் ஒரு மாதுளை ஏற்கெனவே நின்றது. மரம் என்று சொல்ல முடியாது, புதர். தூரிலிருந்து பத்துப் பதினைந்து தண்டுகள் கிளம்பி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உள்ளே கை விட்டால் முள் கிழிக்கும். பூ நிறையப் பூக்கும், காயும் பிடிக்கும். ஆனால் உருப்படியாக ஒரு பழம் வீட்டுக்குள் வராது. பாதி வெடித்துப் போகும், மீதியில் புழு இருக்கும். தப்பியதை அணிலும் மயிலும் பார்த்துக்கொள்ளும்.

கொங்குப் பக்கம் நிறைய வீடுகளில் மாதுளைக்கு இதே நிலைமைதான். வெட்டிவிட்டுக் கொய்யா வையுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. நன்றாக வேர் பிடித்த மரம், உப்புத் தண்ணீரைக் குடித்தே இத்தனை காலம் நின்றிருக்கிறது. அதை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்து மூன்று வருசம் காத்திருப்பதைவிட, இருப்பதைச் சரிசெய்வது மேல் என்று பட்டது.

இப்போது ஆடி, ஆவணியில் கூடை எடுத்துக்கொண்டு போய்ப் பறிக்கிறோம். உரம் என்ன போட்டீர்கள் என்றுதான் பார்ப்பவர்கள் முதலில் கேட்கிறார்கள். உரத்துக்கு இதில் சின்னப் பங்குதான். மாதுளை மரம் வறட்சியைத் தாங்கும். மாதுளம்பழம் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. இந்த இரண்டு குணமும் ஒரே செடியில் இருப்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். தண்ணீர் விடாமலே நிற்கிறதே என்று மரத்தை விட்டுவிடுகிறோம், அப்புறம் பழம் வெடிக்கிறது என்று வருத்தப்படுகிறோம்.

மண்ணும் தண்ணீரும்

எங்கள் மண் மேலே செம்மண். ஒரு முழம் தோண்டினால் சுக்கான். கடப்பாரை போட்டால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் வரும். பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் இது சாதாரணம். உங்கள் மண் எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. போர்த் தண்ணீரும் அதே குணம்தான், குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும்.

மாதுளைக்கு இது பெரிய குறை இல்லை. ஈரானிலிருந்து வட இந்திய இமயமலைப் பகுதி வரைக்கும் தானாக வளர்ந்த செடி அது. காய்ந்த மண், சுண்ணாம்பு, ஓரளவு உப்பு எல்லாம் பழக்கம். சோலாப்பூர், நாசிக் பக்கம் ஏக்கர் ஏக்கராக மாதுளை போட்டிருப்பதும் மழை குறைந்த பூமியில்தான். அந்த வகையில் காங்கயமும் மாதுளைக்குப் பொருத்தமான ஊர்.

ஆனால் சுண்ணாம்பு மண்ணில் இரண்டு சத்துகள் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காமல் சிக்கிக்கொள்ளும்: இரும்பு, போரான். இரும்பு குறைந்தால் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். எங்கள் மரத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம் கரைத்து, சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு புதுத் துளிர்மேல் தெளித்தேன். இரண்டு வாரம் விட்டு மறுபடியும் ஒரு முறை. துளிர் பச்சை பிடித்தது. அன்னபேதியை இந்த மண்ணில் கொட்டினால் மண்ணே அதைக் கட்டிப்போட்டுவிடும், இலை வழியாகக் கொடுப்பதுதான் சரி. போரான் விஷயம் வெடிப்போடு சேர்ந்தது, அங்கே சொல்கிறேன்.

அடுப்புச் சாம்பலை மாதுளைத் தூரில் கொட்டும் வழக்கம் எங்கள் தெருவிலும் உண்டு. புளிப்பான மண்ணுக்கு அது நல்லது. சுக்கான் மண்ணுக்கு வேண்டாம், ஏற்கெனவே காரத்தன்மை கூடின மண்ணில் இன்னும் கூட்டும். அதற்குப் பதில் நன்றாக மக்கின தொழு உரம் வருசத்துக்கு 25 கிலோவும் வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோவும் போடுகிறேன். காங்கயத்தில் செக்குகளுக்குக் குறைவில்லை, புண்ணாக்கு அலையாமல் கிடைக்கும். காய் வளரும் காலத்தில் கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கலந்து மாதம் ஒரு முறை ஊற்றுவது உண்டு. உரத்தைப் பற்றி இவ்வளவுதான்.

புதரை மரமாக்கியது

மாதுளை தானாக விட்டால் புதராகத்தான் வளரும், அது அதன் இயல்பு. தூரிலிருந்து போத்து வந்துகொண்டே இருக்கும். ஒரே தண்டாக வளர்த்தால் அழகாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். தண்டுத் துளைப்பான் ஒரே தண்டுக்குள் புகுந்துவிட்டால் மரமே போச்சு. மூன்று நான்கு தண்டு இருந்தால் ஒன்று போனாலும் மற்றது காய்க்கும்.

மார்கழியில் கவாத்து செய்தேன். முதலில் ஒரு முழு நாள் வெட்டாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வெவ்வேறு திசை பார்த்து நின்ற நான்கு கனமான தண்டுகளில் சணல் கயிறு கட்டினேன். கயிறு இல்லாதவை போகலாம். மற்ற தண்டுகளைத் தரையை ஒட்டி அறுத்து, தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, இளம் போத்துகள் வேரிலிருந்து புறப்படும் இடத்திலேயே கிள்ளி எடுத்தேன். தரைக்கு மேலே கத்தரித்தால் ஒன்று இருந்த இடத்தில் மூன்று கிளம்பும்.

பக்கத்து வீட்டு ஆத்தா மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, காய்க்கற மரத்தப் போயி இப்பிடி மொட்டையடிக்கறயே" என்றார். "இல்லீங்காத்தா, காத்தும் வெளிச்சமும் உள்ள போகோணும்ங்க" என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

அந்த நான்கு தண்டுகளின் மேல்பகுதியில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும். மாதுளை முதிர்ந்த கிளையிலிருந்து வரும் குட்டையான சிம்புகளின் நுனியில்தான் பூக்கும். வேலிச்செடியைச் சமன் செய்கிற மாதிரி நுனியெல்லாம் கத்தரித்தால் அந்த வருசப் பூவையே வெட்டுகிறோம் என்று பொருள். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்பக்கம் பார்த்து வளர்வது, செங்குத்தாக விறுவிறுவென்று ஏறும் நீர்ப்போத்து ஆகிய இவற்றை மட்டும் எடுத்தேன். முடித்தபோது நடுவில் வெளிச்சம் தரையில் விழுந்தது.

வெட்டுக்காயங்களுக்குப் போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, ஆறிய பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான், இரும்பு கூடாது. கலவையில் ஒரு கத்தி நுனியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். வெட்டின இடத்திலெல்லாம் பூசிவிட்டு, தண்டின் அடிப்பகுதி இரண்டடி உயரத்துக்கும் பூசினேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வு

மாதுளை தன் சொந்த பூமியில் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் ஒரு தடவை பூக்கும். நம் ஊரில் அப்படிப்பட்ட குளிர் இல்லை. அதனால் இலை உதிர்வதில்லை, வருசம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்துக்கொண்டே இருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், பழத்துக்கு உதவாது. எந்த நேரமும் மரத்தில் பூவும் பிஞ்சும் பழமும் இருந்தால் பழத்துளைப்பானுக்கு எப்போதும் சாப்பாடு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மராட்டிய விவசாயிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தண்ணீரை நிறுத்தி மரத்தைக் காயவைத்து, இலை உதிரச் செய்து, பிறகு தண்ணீர் கொடுத்து ஒரே அடியாகப் பூக்க வைப்பார்கள். அந்தப் பூக்கும் பருவத்துக்கு அவர்கள் பேச்சில் பஹார் என்று பெயர். தை, மாசி வாக்கில் பூக்க வைத்தால் அம்பே பஹார், ஆனி, ஆடி என்றால் மிருக பஹார், புரட்டாசி வாக்கில் என்றால் ஹஸ்த பஹார்.

எங்கள் ஊருக்கு எது சரி? கொங்கில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும். பூவிலிருந்து பழம் பழுக்க ஐந்து ஆறு மாதம் ஆகும். ஆனி, ஆடியில் பூத்தால் பழம் முற்றும் நேரம் கார்த்திகை மழையில் மாட்டும். வெடிப்பதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம். தை கடைசி, மாசியில் பூத்தால் ஆடி, ஆவணியில் பறித்துவிடலாம், பெரிய மழைக்கு முன்பே மரம் காலியாகிவிடும். கோடையில் தண்ணீர் கொடுக்க முடிகிற வீட்டுக்கு இதுதான் சரியான பட்டம். கோடையில் போர் வற்றிவிடும் வீட்டுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். எங்கள் மண் தண்ணீர் சீக்கிரம் வடியும் செம்மண், ஒரு மாதத்துக்குச் சற்று மேலே போனதும் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. கரிசல் மண்ணில் ஈரம் நிற்கும், அங்கே இன்னும் சில வாரம் பிடிக்கும். பெரிய தோட்டங்களில் இலை உதிர்க்க மருந்து அடிப்பார்கள். வீட்டு மரத்துக்கு அது தேவையே இல்லை, பாதி இலை உதிர்ந்தாலே போதும். கவாத்தை இந்த இடைவெளியில்தான் செய்தேன். சின்ன மரத்தை, நட்டு இரண்டு வருசம் ஆகாததை இப்படிக் காயப்போட வேண்டாம், அது உடம்பு ஏறட்டும்.

பொங்கல் முடிந்ததும் தூரிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாக மண்ணைக் கிளறி எருவும் புண்ணாக்கும் போட்டு மூடி, முதல் தண்ணீர் கொஞ்சமாக, நாலைந்து நாள் கழித்து அடுத்த தண்ணீர் முழுதாக. முழு மாதமும் காய்ந்த மரத்துக்கு முதல் நாளே பாத்தி நிறைய விடுவதில்லை.

பூ

மாதுளையில் எல்லாப் பூவும் காயாகாது. பூ உதிர்கிறதே என்று பதறுபவர்கள் உதிர்ந்த பூவை ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். அடிப்பாகம் குறுகி மணி வடிவில் இருந்தால் ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். அடிப்பாகம் பருத்துக் குடுவை வடிவில் இருப்பதே காய் பிடிக்கும் பூ. பெரும்பாலான மரங்களில் மணிப் பூதான் அதிகம். ஆக, தரை முழுக்கச் சிவப்பாகக் கொட்டிக் கிடப்பது நோயல்ல.

குடுவைப் பூவும் கொட்டினால் கவனிக்க வேண்டும். பூ நேரத்தில் தண்ணீரை அள்ளி விட்டால் கொட்டும், அசுவினி, இலைப்பேன் ஏறினாலும் கொட்டும். அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். பூத்திருக்கும் காலத்தில் எதைத் தெளித்தாலும் தேனீ அடங்கிய பிறகுதான். அடுத்த மதிலை ஒட்டி முருங்கை நிற்பதால் எங்கள் வீட்டில் தேனீக்குக் குறையில்லை. தேனீயே வராத மாடி வீடுகளில் மணிப் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைக் குடுவைப் பூவின் நடுவில் தடவிவிடலாம், காலை நேரத்தில்.

பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் கலைத்தேன். ஒரு கொத்தில் மூன்று இருந்தால் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். கை நடுங்கும் வேலை, ஆனால் செய்யாமல் விடக் கூடாது. இரண்டு காய் ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்கில்தான் புழு சுலபமாகத் துளை போடும். பங்குனிக்குப் பிறகு வந்த பூக்களையும் எடுத்துவிட்டேன். அது பழுக்கும்போது மழை வந்துவிடும், அதற்குப் போகும் சத்து இருக்கும் காய்க்குப் போகட்டும்.

பழத்துளைப்பான்

மாதுளையைச் சாப்பிடும் புழு ஒரு அழகான சின்ன வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. ஆண் பூச்சிக்கு ஊதா மினுக்கு, பெண் பூச்சி பழுப்பு, முன் இறக்கையில் ஒரு ஆரஞ்சுத் திட்டு. பூவிலும் இளங்காயிலும் காயின் தலையில் நிற்கும் புல்லி இதழ்களிலும் ஒவ்வொன்றாக முட்டை இடும். புழு பொரித்து உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. ஓட்டையும் அதில் வழியும் எச்சமும் நாற்றமும்தான் வெளியே தெரியும். கொய்யா, புளி இவற்றையும் இந்தப் பூச்சி விடாது. இரண்டும் இல்லாத தெரு நம் பக்கம் எது?

பூ மொட்டு விட்டதிலிருந்து காய் எலுமிச்சை அளவு வரும்வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை வேப்பங்கொட்டைச் சாறு. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதிச் சோப்புக் கரைசல் சேர்த்தால் இலையில் ஒட்டும். அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். கொட்டையை ஆனி, ஆடியில் வேப்பமரத்தடியில் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்கிறோம். காய் பிடித்தது உறுதியானதும் தலையில் இருக்கும் புல்லி இதழ்க் கொத்தைக் கத்தரித்துவிட்டேன். முட்டையில் பாதி அதில்தான் இருக்கும் என்று சொல்லலாம். ஏக்கர் கணக்கில் இது முடியாது, வீட்டு மரத்துக்கு ஒரு காலை நேர வேலை.

அப்புறம் உறை. பிளாஸ்டிக் பையைக் கட்டினால் நம் வெயிலில் உள்ளே வேர்த்துக் காய் அழுகும். பேப்பர் பை ஆடிக் காற்றில் கிழியும். எனக்குக் கைகொடுத்தது திருப்பூர் பனியன் வேஸ்ட். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியாகப் பார்த்து வாங்கி, குழாய் வடிவில் இருப்பதை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, காயில் மாட்டி, காம்பில் நூலால் தளர்வாகக் கட்டினேன். பனியன் துணி இழுத்தால் வரும், காய் பெருக்கப் பெருக்கத் தானும் விரிந்துகொடுக்கும். காற்றுப் போகும், கிழியாது, துவைத்து அடுத்த வருசமும் மாட்டலாம். மேற்குப் பக்கத்துக் காய்களில் வெயில் சுட்டுக் கருகின தழும்பு விழுவதும் நின்றது. அணிலை இது முழுதாக நிறுத்தாது. மயிலை நிறுத்தும்.

துளை விழுந்த காயை மரத்தடியில் போடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிட்டால் புழு செத்துப்போகும். பிறகு ஆழமாகப் புதைக்கலாம். இது ஒன்றைச் செய்தாலே அடுத்த போகத்தில் புழு குறைகிறது.

வெடிப்பு

இதற்காகத்தான் இவ்வளவும். மாதுளைத் தோல் காயோடு சேர்ந்து விரிந்து வளரும். வளரும் காலத்தில் தண்ணீர்த் தட்டு வந்தால் தோல் இறுகி, நெகிழும் தன்மையை இழக்கும். அதற்குப் பிறகு ஒரு கோடை மழை கொட்டினாலோ, நாமே இரக்கப்பட்டுப் பாத்தி நிறைய விட்டாலோ, உள்ளே முத்துகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பருக்கும். தோல் கொடுக்காது. இரவோடு இரவாகப் பிளந்துவிடும். மழை பெய்ததால் வெடித்தது என்கிறோம். மழைக்கு முந்தைய காய்ச்சல்தான் உண்மையில் அதற்கு வழி பண்ணியிருக்கும்.

எங்கள் மரத்துக்கு முன்பெல்லாம் நினைத்தபோது தண்ணீர், வீட்டில் விசேஷம் வந்தால் ஒரு வாரம் பூட்டு. அதை மாற்றினேன். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள் நான்கை, தூரிலிருந்து இரண்டு இரண்டரை அடி தள்ளி நான்கு திசையிலும் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு 16 லிட்டர். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மணி நேரம், 32 லிட்டர். பூ நேரத்தில் அதில் பாதி. இந்தக் கணக்கு எங்கள் மண்ணுக்கு, ஆளுயரத்தைத் தாண்டிய மரத்துக்கு. உங்கள் மண்ணில் இரண்டு விரல் ஆழம் தோண்டிப் பார்த்து, எப்போதும் லேசாகக் குளிர்ச்சி தட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும். சொதசொதப்பு வேண்டாம், அது வேரழுகலுக்குப் போகும். தண்டை ஒட்டித் தண்ணீர் நிற்கவும் கூடாது. தூரில் மண்ணை அணைத்து மேடாக்கிவிட்டு, பாத்தி அதைச் சுற்றி வெளியே இருக்கட்டும்.

மூடாக்கு இல்லாமல் இந்தச் சமநிலை வராது. சித்திரை வெயிலில் திறந்த செம்மண் ஒரே பகலில் காய்ந்துவிடும். இங்கே கொப்பரைக் களங்கள் நிறைய, தேங்காய் மட்டை வண்டி வண்டியாகக் கிடைக்கும். குழிவுப் பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கினேன். நிமிர்த்தி வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வரும். மட்டைக்கு அடியில் எப்போது புரட்டினாலும் ஈரமும் மண்புழுவும் இருக்கும். இடுக்குகளில் செண்டுமல்லி நட்டிருக்கிறேன். வேர் முடிச்சு நூற்புழு மாதுளைக்குப் பெரிய எதிரி, செண்டுமல்லி வேர் அதைக் குறைக்கும். மாலை கட்டவும் ஆச்சு.

மழை பெய்த பிறகு என்ன செய்வது என்பதும் முக்கியம். கோடை மழை ஒன்று பெய்துவிட்டதே என்று ஒரு வாரம் தண்ணீரை மறந்துவிடக் கூடாது. மூன்றாம் நாள் மட்டையைப் புரட்டிப் பார்த்து, மேல்மண் உலர ஆரம்பித்திருந்தால் பழைய கணக்கை மறுபடி தொடங்கிவிட வேண்டும். ஆடியில் இது இன்னும் கவனம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே மண்ணை வெயிலைவிட வேகமாகக் காயவைக்கும். வானம் மூடியிருக்கும், தூறல்கூட விழும், நாம் ஈரம் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். பழம் முற்றும் நேரமும் அதுதான். காற்றில் காய் முள்ளில் உரசித் தழும்பாகாமல் இருக்க, கனத்த கிளைகளுக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து, துணிக் கயிற்றால் கட்டினேன்.

ஊருக்குப் போக வேண்டி வந்தால் வால்வைத் திறந்து மூடும் பொறுப்பை ஆத்தாவிடம் விட்டுப் போகிறோம். "ரெண்டு மணி நேரம் உட்டேன் கண்ணு, ஒரு சொட்டு கூட வெளிய போகல" என்று போனில் சொல்வார். வீட்டுத் தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக விடலாம். ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீர் வேண்டாம், ஏற்கெனவே உப்பான போர்த் தண்ணீரின் உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும். பாத்தியில் வெள்ளைப் படிவு கட்டினால் மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை ஒரு குழாய் வைத்துப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள், உப்பு கீழே இறங்கிவிடும்.

இனி போரான். அது குறைந்த மரத்தில் தோல் திடமாக அமையாது, தண்ணீர் சரியாக இருந்தாலும் சில காய் வெடிக்கும். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் (போராக்ஸ், போரான் உள்ள உப்பு) கிடைக்கும். லிட்டருக்கு 2 கிராம், வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, காய் பிடித்த பிறகு ஒரு முறையும், ஒரு மாதம் விட்டு இன்னொரு முறையும் இலையிலும் காயிலும் படும்படி தெளித்தேன். கண்ணளவில் போடாதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள். போரான் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கூடினால் இலை ஓரம் கருகும்.

எல்லா வெடிப்பும் தண்ணீரால் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தோலில் எண்ணெய் பட்டது போன்ற கரும்புள்ளி விழுந்து, அதன் நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்தால் அது பாக்டீரியா கருகல் நோய். அதற்கு மருந்தைவிட, நோய் கண்ட காயையும் சிம்பையும் உடனே எடுத்து எரிப்பதும், கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் ஸ்பிரிட்டால் துடைப்பதும்தான் வழி. எங்கள் மரத்துக்கு இதுவரை வரவில்லை.

பறிப்பும் பதியமும்

மாதுளை பறித்த பிறகு பழுக்காது. அவசரப்பட்டால் புளிப்புதான். தோலின் பளபளப்பு மங்கி, உருண்டையாக இருந்த காய் பக்கவாட்டில் சற்றே முகம் கட்டி, விரலால் தட்டினால் கணீரென்று கேட்டால் தயார். இழுத்துப் பறிக்காமல் காம்பைக் கத்தரியால் வெட்ட வேண்டும். எங்களுடையது தோல் மஞ்சளும் சிவப்பும் கலந்து, முத்து இளஞ்சிவப்பாக, விதை மிருதுவாக இருப்பதைப் பார்த்தால் கணேஷ் ரகம் என்று நினைக்கிறேன். 1936இல் புனேயில் தேர்ந்தெடுத்த பழைய ரகம் அது. சந்தையில் இப்போது செக்கச்செவேலென்று பகவாதான் எங்கும். நிறத்துக்கு அது, வீட்டில் உரித்துச் சாப்பிட எனக்குக் கணேஷ் போதும். தோலை ஆத்தா வாங்கிப் போய் வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டுக்கொள்கிறார், வயிற்றுப்போக்குக்குக் கஷாயம் வைக்க.

கவாத்தில் வெட்டிய கிளைகளில் பென்சில் கனம் உள்ள முதிர்ந்ததாகப் பார்த்து, 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சாய்வாகச் சீவி, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த பையில் இரண்டு கணு மட்டும் மேலே தெரிய ஊன்றினேன். நிழல். மிதமான ஈரம். இரண்டு மாதத்தில் வேர் கட்டியவை தெரிந்துவிடும். விதை போட்டு முளைக்க வைத்தால் தாய் மரத்தின் பழமே வரும் என்று நம்ப முடியாது, அதனால் எப்போதும் குச்சிதான். நன்றாக வந்த ஒன்றை ஆத்தா வீட்டுப் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து நட்டாயிற்று. அது இன்னும் உடம்பு ஏறுகிற வயசு, பூ வந்தால் கிள்ளிவிடச் சொல்லியிருக்கிறேன். ஆத்தா கிள்ளுவதில்லை.

எங்கள் மரத்தில் இந்த மார்கழிக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. மேற்குப் பக்கத்துத் தண்டில் குண்டூசித் துளைகள் சில, அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டியிருக்கிறது. தண்டுத் துளைப்பான். அந்தத் தண்டைத் தூரோடு எடுத்து அன்றைக்கே எரித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பசையைக் கனமாகப் பூச வேண்டும். அதே பக்கம் தூரில் நல்ல போத்து ஒன்றைப் போன வருசமே வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன், இடுப்பு உயரம் வந்துவிட்டது. நாலாவது தண்டாக இனி அதுதான்.